மந்திரியின் வயிறும் சுத்தமான ஈயும்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே உதிரட்டும்.

மந்திரி என்பது என் மச்சானின் நாய். காலுறையை விழுங்கியதால் வேறெங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். தையல் சீழ் வைத்துவிட்டது. திரும்பவும் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இன்னொரு தடவை சீழ் பிடித்தால் தாங்காது என்று எங்கள் ஊர் கால்நடை டாக்டரம்மா சொன்னதிலிருந்து மச்சானுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அறுவை நாளன்று பார்த்து அவருடைய உதவியாளருக்கு ஜலதோஷம். தும்முகிறவருக்கு உள்ளே இடமில்லையாம். கருவிகளை எடுத்துக் கொடுக்க டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். நகத்திலிருந்து முழங்கை வரை பிரஷ் போட்டு ஐந்து நிமிஷம் தேய்க்க வேண்டும். தேய்த்த கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். நீராவியில் வெந்த கருவியைத் தவிர எதையும் தொடக்கூடாது. நான் தேய்த்த தேய்ப்பில் கைரேகை மொத்தமும் போய்விட்டது. ஆயுள் ரேகை மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வயிற்றைத் திறந்த நேரம் பார்த்து, முகமூடிக்கு மேலே என் மூக்குத்தண்டு அரித்தது. சும்மா அரிப்பில்லை, நாலு வீட்டுக்குப் பங்கு போடலாம். அப்போது ஒரு ஈ வந்தது. டாக்டரம்மா நிமிராமலே சொன்னார்:

"பெரியவரே, அதை விரட்டுறேன்னு கைய வச்சீங்க, உங்க கையும் போச்சு, நாயும் போச்சு."

நான் அசையவில்லை. ஈ மூலையிலிருந்த மருந்துத் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து முன்கால் இரண்டையும் தேய்க்கத் தொடங்கியது. மூன்று நிமிஷத்தில் கிளம்பப் பார்த்தது.

"முழங்கை வரைக்கும் தேய்க்கலை," என்றார் டாக்டரம்மா.

ஈ வெட்கப்பட்டுத் திரும்பிப் போய் மிச்ச இரண்டு நிமிஷத்தையும் தேய்த்து முடித்தது. பிறகு முன்கால்களைத் தூக்கிப் பிடித்தபடி, வேறெதிலும் உட்காராமல், நேரே பறந்து வந்து என் மூக்கைச் சொறிந்துவிட்டுப் போனது.

பத்தாம் நாள் தையல் பிரித்தபோது ஒரு சொட்டுச் சீழ் இல்லை. மச்சான் மந்திரியைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"இது பொழச்சதுக்கு நீங்கதான் மாமா காரணம்."

அவன் சொன்னதும் சத்தியம். கை தேய்க்க ஆரம்பித்த மூன்றாவது நிமிஷமே நான் மூக்கைச் சொறிந்துவிட்டேன். டாக்டரம்மா என்னை வெளியே அனுப்பி, மச்சான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.