பாட்டில் வரும் அண்ணன்

அமரர் ஊர்தியின் கூரையில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்த கண்ணையனை அந்தோணிசாமி தடுத்தார். "யாரக் கேட்டு கட்ற?"

ஊர்திக்குள் பெட்டியில் அவருடைய தம்பி புகழேந்தி கிடந்தான். நேற்று விடியலில் மாரடைப்பு.

"ஃபாதர்தாங்க சொன்னாரு. புகழேந்தி அண்ணன் ஆல்பத்தப் போட்டுக்கினே போலாம்னு. ஜெபப்பாட்டுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

சொன்னது உண்மை. விழுப்புரம் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டிடம் கித்தார் கற்றவன் புகழேந்தி. பல வருடம் கல்யாண மேடைகளில் வாசித்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொந்தச் சோகத்தைக் கிண்டலோடு இழுத்துப் பாடும் ப்ளூஸ் பாட்டுகளாகப் போன தையில் வந்த ஆல்பம், சென்னை இளைஞர்கள் போனிலெல்லாம் ஏறிவிட்டது. அந்தோணிசாமி அதைக் கேட்டதில்லை. தாத்தா காலத்திலிருந்து கோயிலில் பாடகர் குழு நடத்தும் குடும்பம். அதில் பிறந்தவன் வேறென்ன பாடுவான்? ஜெபப்பாட்டு என்றே திண்டிவனம் பங்கு மக்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார்.

புகழேந்தியின் மகள் இசைவாணி அருகில் வந்தாள். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"பெரியப்பா, அது ஜெபப்பாட்டு இல்ல. உங்களப் பத்தி பாடினது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிக்கிற மாதிரி நான் என்ன நடந்துகினேன்? போடுடா, கண்ணையா."

ஊர்தி நகர்ந்தது. கித்தார் இழுத்து அழுதது. அதன் மேல் புகழேந்தியின் கரகரத்த குரல்:

'எங்கண்ணன் ஊட்டு நாயி என்னக் கண்டா வால ஆட்டும்...'

அதே வரியை இன்னொரு முறை பாடினான். அடுத்த வரியைச் சென்னையிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் கூடவே பாடினார்கள்.

'எங்கண்ணன் கையி என்னக் கண்டா கேட்டப் பூட்டும்!'

பூக்கடை கோவிந்தம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஃபாதர் ஜெபப் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"நம்ப ஊட்ல நாயே வளக்கலியே," என்றார் அந்தோணிசாமி.

"பாட்டுக்கு வேணுமில்ல, பெரியப்பா."

"பொய் சொல்லிக்கிறான்."

"கேட்டப் பூட்டினதும் பொய்யா?"

அவர் ஊர்தியின் பின்னால் நடையை எட்டிப் போட்டார்.

பாட்டு முடிந்ததும் ஃபாதர் மெல்லக் கேட்டார். "யாருங்க அந்த அண்ணன்? சும்மா கற்பனையா?"

தெருவே அந்தோணிசாமியைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"புகழேந்திக்குக் கூடப்பொறந்தவன் நான் ஒருத்தன்தான், ஃபாதர்," என்றார், முதுகு வளையாமல். "அடுத்த பாட்டப் போடச் சொல்லுங்க."

கல்லறையில் மண் போட்டு முடிந்ததும், ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ரஞ்சித் தயங்கியபடி வந்தான். "சார், நீங்கதானா அது! உங்களோட ஒரு போட்டோ, சார்."

அந்தோணிசாமி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அவருக்குச் சற்றுத் தள்ளி ரஞ்சித்தும் இசைவாணியும் நின்றார்கள். கண்ணையன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"அண்ணே, ஒட்டி வாங்க. நடுவுல ஒரு ஆளு நிக்கலாம் போலக்குது."

"இருக்கட்டும்," என்றார் அந்தோணிசாமி. "எடு."