மைரிக்காகப் பின்னால் போன வண்டி

அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு வண்டி பின்னால் போனதில் ஒருத்தியின் வயிறு எரிந்த கதையைச் சொல்கிறேன்.

நம் வடகரைச் சாலையில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால், வண்டி ஒதுங்கி வழிவிடச் சாலையோரம் அகலப்படுத்திய ஒதுங்கிடம் யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவர்தான் பின்னால் போக வேண்டும். இந்த முறையில் ஆட்டுப் பண்ணைக்காரன் லாக்லன் ஓரடி விட்டுக்கொடுக்க மாட்டான். தபால் வண்டிக்காரன் ஒருநாள் முறை தவறி அடம்பிடித்தபோது, பிளாஸ்கைத் திறந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்துக் காத்திருந்தவன் அவன்.

அன்று வேலிக்கம்பி வாங்க அவனும் மனைவி இஷ்பெல்லும் தர்ஸோ டவுனுக்குக் கிளம்பினார்கள். பெட்டிஹில் ஊரைத் தாண்டும்போது நல்ல வெயில். அடுத்த மேடு ஏறுவதற்குள் கடலிலிருந்து ஆலங்கட்டி மழை வந்து கண்ணாடியில் அறைந்தது. வளைவில் ஒரு சிவப்புக் கார். அதில் மெல்விச் ஊரில் தனியாகப் பண்ணை பார்க்கும் மைரி. ஒதுங்கிடம் அவளுக்குப் பின்னால் இருபதடியில். ஆனால் லாக்லன்தான் ரிவர்ஸ் போட்டான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளத்தில் கடல். தலையை வெளியே நீட்டி, நனைந்துகொண்டே இருநூறு கஜம் போனான்.

“முறை அவளோடதுதானே?”

“மழை பெய்யுதுல்ல.”

“போன வாரம் எங்கம்மா எதிர்ல கார் ஓட்டிட்டு வந்தப்பவும்தான் மழை பெஞ்சுது. எண்பது வயசுக் கிழவிய பின்னால போக வெச்சியே, மகராசா!”

அவன் கண்ணாடித் துடைப்பானை வேகமாக ஓடவிட்டான்.

தர்ஸோவில் இஷ்பெல் சூப்பைத் தள்ளிவைத்தாள். இருபத்தேழு வருடத்தில் தனக்காக எதையாவது இப்படி விட்டுக்கொடுத்திருக்கிறானா? செவ்வாய்க்கிழமைகளில் சவரம் செய்துகொண்டு கிளம்புகிறானே, அது எப்போதிலிருந்து?

“சாவியக் குடு. நான் ஓட்டுறேன்.”

திரும்பும் வழியில் கடல் கறுத்தது, வெளுத்தது, மறுபடி மேகம் மூடியது. அதே வளைவின் மறுமுனையில் அதே சிவப்புக் கார். போகும்போது லாக்லன் ஒதுங்கிய இடம் இப்போது மைரிக்குப் பின்னால், கிட்டத்திலேயே. இஷ்பெல் எஞ்சினையே அணைத்துவிட்டாள்.

“பின்னால எடு, இஷ்பெல்.”

“எடுக்க மாட்டேன். அவ எடுக்கட்டும்.”

மைரி இறங்கி, காற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கழுத்து கம்பம் மாதிரி விறைத்திருந்தது.

“கோவிச்சுக்காத இஷ்பெல். ஒரு மாசமா கழுத்து பிடிச்சுக்கிட்டு, பின்னால திரும்பவே முடியல. லாக்லன் சொல்லலியா?”

வெட்கத்தில் இஷ்பெல்லின் காது சுட்டது. நெஞ்சில் ஏதோ ஒன்று தளர்ந்தது. கடைசிக் கேள்வி அதற்குப் பிறகுதான் உறைத்தது: இவனுக்கு அது எப்படித் தெரியும்?

“சொல்லலியே,” என்றாள், புருஷனைப் பார்த்து.

“மறந்துட்டேன்.”

நாற்பது ஆடுகளில் எந்தக் குட்டி எதனுடையது என்று ஒருநாளும் மறக்காதவன்.

இஷ்பெல் எஞ்சினைக் கிளப்பி, பொறுமையாக, வளைவு முழுக்கப் பின்னால் போய் ஒதுங்கினாள். சட்டென்று வெயில் அடித்தது. மைரி கடந்துபோகும்போது கையை உயர்த்தினாள். வழக்காடுகிற பங்காளிக்கும்கூடப் பதிலுக்குக் கை உயர்த்துவதுதான் இந்தக் கரையின் வழக்கம். இஷ்பெல் உயர்த்தினாள். லாக்லன் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, மறுபக்கச் சன்னலில், ஈரம் மினுங்கும் வெறும் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் வீடுகளில் கணப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. அதன் முன்னால் உட்காருகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே உட்காரட்டும்.