நூற்று நான்கு கிலோ

கொட்டிலில் பன்றி கத்தத் தொடங்கியபோது ஸ்மில்யா சமையலறையில் நின்று, முந்தின நாள் மாலை கரைத்து வைத்த பவுடரைக் கழுவுதொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். அடியில் அது மஞ்சள் களிம்பாக உறைந்திருந்தது. விரலால் வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு வாய்தான் குடித்துப் பார்த்தாள். விழுங்குவதற்குள் தாடை தானாக இறுகிக்கொண்டது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் அவளை உறிஞ்சுகுழலில் உயிர்வாழ வைத்திருந்தார்கள். பால், வடிகட்டிய சூப், இதே போல வெனிலா வாசமடிக்கும் ஏதோ ஒரு கரைசல். கம்பியைக் கழற்றிய அன்று ஒரு முழு ரொட்டியைத் தின்று தீர்த்தாள். இனி ஒருநாளும் சாப்பாட்டைக் குடிக்க மாட்டேன் என்று அன்றே தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு தின்பதை அவள் நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. அதுவும் வசதியாகப் போயிற்று.

இப்போது அலமாரியில் இன்னும் எண்பத்து மூன்று பாக்கெட்டுகள் இருந்தன. முதல் நான்கு வாரத்துக்கு என்று நகரத்து மருத்துவமனையில் கொடுத்தவை. அதே வீட்டில் இருக்கும் அண்ணன் ஒஸ்தோயாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஸ்மில்யாவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று செப்டம்பரிலேயே தெரிந்துவிட்டது. எடைதான் குறுக்கே நின்றது. நூற்று நான்கு கிலோ. எண்பத்தைந்துக்கு இறங்கினால்தான் கத்தி வைப்பார்கள்.

"மூணு வேளைச் சாப்பாட்டுக்கும் பதிலா இதுதான். வேற எதுவும் கூடாது," என்று போன வாரம் சொன்னாள் மருத்துவர். அப்புறம் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "உங்களுக்கு இஷ்டமில்லேன்னா அதையும் சொல்லலாம். வெளியில யாருக்கும் தெரியாது. எடை கூடுதல், ஒத்துவராதுன்னு நானே எழுதிடுவேன். திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க." அதன்பின் பழைய எக்ஸ்ரேயைப் பார்த்து, தாடை எப்படி உடைந்தது என்று கேட்டாள்.

"ஐஸ்ல வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள் ஸ்மில்யா.

பத்தொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் வாயில் கூழாங்கல்லைப் போல வழுவழுப்பாகிவிட்டது. ஊரே அப்படித்தான் சொன்னது. அடித்தவனும் அப்படித்தான் சொன்னான். அவன் ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லிவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பவுடரைக் குடித்துவிடலாம் என்று அன்றிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாதவனுக்காக அந்தக் குழலை மறுபடி வாயில் வைப்பதா? இன்று சனிக்கிழமை. இன்னும் இரண்டு நாள்.

முற்றத்தில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு காவ்ராவும் அவனுடைய இரண்டு மருமகன்களும் கயிற்றோடு நின்றார்கள். காவ்ரா சுடவைத்த பிளம் சாராயத்தை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஸ்மில்யா, பால் குடிச்சாச்சா?" என்றான். "எங்க வீட்டுல ஒரு கன்னுக்குட்டிக்குத் தாய் செத்துப் போச்சு. இதே மாதிரி பவுடர்தான் கரைச்சு ஊத்தினோம். ஒரு மாசத்துல என்ன கொழு கொழுன்னு ஆச்சு தெரியுமா! நீ இளைக்கப் போறியா, கொழுக்கப் போறியா?"

"உன் மூளை இளைச்சிருக்கே, அதுக்கு என்னத்தைக் கரைச்சு ஊத்தினாங்க?"

மருமகன்கள் சிரித்தார்கள். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த ஒஸ்தோயா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ குடிக்கட்டும், தின்னட்டும். என் சாமான் அவ வயித்துல பத்திரமா இருந்தா சரி," என்றான்.

சாமான் என்றுதான் சொல்வான். செப்டம்பரிலிருந்து ஒரு தடவைகூட 'கொடு' என்று கேட்டதில்லை. வாடகைக்கு விட்ட வண்டியைத் திருப்பிக் கேட்பவனைப் போல நாள் மட்டும் விசாரிப்பான்.

அவன் மனைவி பெர்சா தட்டோடு வந்தாள். கொழுப்பு பிசைந்து சுட்ட குட்டி ரொட்டிகள், ஆவி பறந்தது. "சூடா இருக்கு, ரெண்டே ரெண்டு எடுத்துக்கோ," என்று ஸ்மில்யாவின் கையில் நான்கைத் திணித்தாள். பதிலைக் கேட்க வலது கன்னத்தைத் திருப்பிக்கொண்டாள். இடது காது அவளுக்குக் கேட்காது.

"அண்ணி, நான் இளைக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வெறும் வயித்தோட பனியில நிக்காதே," என்றாள் பெர்சா.

மூன்று மாதமாக இதுதான் நடந்தது. ஒருநாள் இறைச்சி பொதிந்த கோஸ் இலை, ஒருநாள் கசகசா சுருள், ஒருநாள் வாத்துக் கொழுப்பில் வறுத்த உருளை. புருஷன் உயிர் இவளுடைய எடையில் தொங்குகிறது. இவள் சட்டி சட்டியாகச் சுமந்து வருகிறாள். பாசம் என்று நினைத்தாள் ஸ்மில்யா. சில நாள், அண்ணிக்கு மண்டை கொஞ்சம் மந்தம் என்றும் நினைத்தாள்.

"ஒஸ்தோயா, துப்பாக்கி கொண்டாந்திருக்கேன்," என்றான் காவ்ரா. "நெத்தியில ஒண்ணு வச்சா முடிஞ்சுது. உன் கையை வச்சுக்கிட்டு எதுக்கு..."

"துப்பாக்கியை உன் மாமியாருக்குக் குடு. இந்த முற்றத்துல கத்திதான். கத்தி என் கையிலதான்."

அவனுடைய இடது முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறு போலப் புடைத்திருக்கும். தொட்டால் தேன்கூடு மாதிரி உள்ளுக்குள் அதிரும். அந்தக் கையால் ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாது என்பது மருத்துவர் சொல். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, பன்றியின் காதை அந்தக் கையாலேயே பிடித்தான்.

நூற்றெண்பது கிலோ மிருகம். மருமகன்கள் காலில் கயிறு போட்டுச் சாய்த்தார்கள். ஒஸ்தோயா மண்டியிட்டு, மூச்சு வாங்கி, கழுத்துக்குழியில் கத்தியை இறக்கினான். கத்தி பாதிதான் போயிற்று. எலும்பில் இடித்துச் சறுக்கிக் கோணலாக நின்றது. பன்றி அலறிய அலறலில் கூரைப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. ஒரு கயிறு நழுவியது. கழுத்தில் கத்தியோடு அது எழுந்து, முற்றத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியது. பனியில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாலும் இதே முற்றம்தான். இதே மாதிரி ஒரு பன்றி, கழுத்தில் கத்தியோடு, இதே வட்டத்தில் ஓடியது. இருபத்திரண்டு வயது ஸ்மில்யா விருந்தாளிகளுக்கு நடுவே நின்று வாய்விட்டுச் சிரித்தாள். ஒஸ்தோயா கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் அவள் முகத்தில் ஒரு போடு போட்டான். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஸ்மில்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருந்தும் வயிற்றின் அடியிலிருந்து அது எழுந்து வந்துவிட்டது. சிரிப்பென்றும் சொல்ல முடியாது, விக்கலென்றும் சொல்ல முடியாது.

ஒஸ்தோயாவின் தலை திரும்பியது.

"சிரிக்கிறியாடி?"

பன்றியைத் தொங்கவிடும் தடி சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக வந்தான். வீசினான். அவள் தோளில் விழுந்தது. ஈரத்துணியால் தட்டியது போல இருந்தது. இரண்டாவது அடி இன்னும் மெதுவாக விழுந்தது. அவன் தடியைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தாண்டி வேறொன்று வந்ததை ஸ்மில்யா பார்த்தாள். கூச்சம்.

அந்த நேரத்தில் பன்றி அடுத்த சுற்று சுற்றி வந்து அவன் முழங்காலில் மோதியது. அவன் தீவனத் தொட்டியின் தகர விளிம்பில் இடது கையை அடித்துக்கொண்டு விழுந்தான். பன்றி அவன் மேல் ஏறியது. மூக்கால் நெஞ்சை முட்டித் தோண்டியது. அவன் கத்தினான். காவ்ரா துப்பாக்கியை நீட்டி, "ஆளு மேல படும், ஆளு மேல படும்," என்று அங்குமிங்கும் ஆடினான்.

ஸ்மில்யா யோசிக்கவில்லை. போய் அதன் மேல் விழுந்தாள். தன் உடம்பு முழுவதையும், பத்தொன்பது வருஷ ரொட்டியையும் கொழுப்பையும், அந்த மிருகத்தின் விலாவில் போட்டு அண்ணன் மேலிருந்து பக்கவாட்டில் உருட்டினாள். அது திமிறியது, அவள் அசையவில்லை. கழுத்திலிருந்த கத்தியை உருவி, ஒரு கையகலம் கீழே, முன்காலுக்குள் சாய்வாக, பிடி வரைக்கும் இறக்கித் திருகினாள். சூடான ரத்தம் அவள் கன்னத்தில், கழுத்தில், வாயில் அடித்தது. பன்றியின் கால்கள் கொஞ்ச நேரம் காற்றில் ஓடின. பிறகு ஓடவில்லை.

அப்போதுதான் மற்ற ரத்தத்தைக் கண்டாள். ஒஸ்தோயாவின் முழங்கைக்குக் கீழே அந்தத் தையல் கிழிந்து, குழாய் உடைந்தது போல விட்டு விட்டுப் பீச்சியது. தவழ்ந்து போய்க் கட்டைவிரலை அதில் வைத்து எலும்போடு சேர்த்து அழுத்தினாள். பீச்சல் நின்றது. விரலுக்கடியில் தேன்கூடு அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஆம்புலன்ஸ் இருபது நிமிஷம்ங்கறான்," என்றான் காவ்ரா போனை மூடிவிட்டு.

இருபது நிமிஷம் என்பது நீளமானது. பனியில் அவன் மல்லாந்து கிடந்தான். அவள் அருகில் மண்டியிட்டிருந்தாள். அண்டா மட்டும் கொதித்தது. சிறு வயதில் ஆற்றங்கரையில் இவன் தன்னை முதுகில் சுமந்து நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. விரலை எடுக்காமலே குனிந்து கேட்டாள்.

"அண்ணே. அந்த வருஷம் நான் எப்படி விழுந்தேன்?"

காவ்ரா அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஐஸ்ல," என்றான் ஒஸ்தோயா.

அவள் விரல் அசையவில்லை. தூக்குவேன் என்று அவள் மிரட்டவில்லை. அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வரவுமில்லை. ஆனால் அவனுக்கு வந்திருக்க வேண்டும். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் உதடு கோணியது.

"நான்தான் அடிச்சேன். போதுமா? கோடரியைத் திருப்பிப் போட்டேன். அன்னிக்குக் கையில பலம் இருந்துச்சு." மூச்சு வாங்கினான். கண்ணில் பழைய வெளிச்சம் ஒன்று ஏறியது. "உன் சாமானை எனக்கு வச்சுத் தைக்கட்டும். கை மறுபடி பழையபடி ஆகட்டும். அப்புறம் இந்த வீட்டுல எவ சிரிக்கிறான்னு பாக்கறேன்."

"சாகுற நேரத்துலயும் வாயைப் பாரு!" என்று காவ்ரா சிரித்தான். மருமகன்களும் சிரித்தார்கள். ஆள் பிழைத்துக்கொள்வான் என்ற நிம்மதிச் சிரிப்பு.

பெர்சா சிரிக்கவில்லை. அவள் ஓரடி பின்னால் வைத்தாள். கை அவளை அறியாமல் இடது காதுக்குப் போய், அதை மூடிக்கொண்டு நின்றது.

ஸ்மில்யா அந்தக் கையைப் பார்த்தாள். ஒன்றரை வருஷமாக அண்ணியின் முகத்தில் காயமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரொட்டிகள், கசகசாச் சுருள்கள், வாத்துக் கொழுப்பு, நாள் தவறாமல் வந்த சட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. ஒரு பெண் மூன்று மாதமாகத் தன் காலில் விழுந்து கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். தானோ அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. கட்டுப்போட்டு ஏற்றினார்கள். "பொழைச்சுக்குவார். கூட யார் வர்றீங்க?" என்று கேட்டார்கள்.

"இறைச்சி கெட்டுப் போயிடும்," என்றாள் பெர்சா. "நான் இருக்கணும்."

காவ்ரா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தானே ஏறிக்கொண்டான்.

மருமகன்கள் பன்றியைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுரண்டி, தொங்கவிட்டு, பிளந்தார்கள். ஸ்மில்யா முகம் கழுவிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது.

குத்தியவருக்குத்தான் முதல் வாணலி. அது அந்த வீட்டு வழக்கம். முதுகெலும்பின் உள்பக்கத்து இளங்கறியை வெங்காயத்தோடு வதக்கி, பெர்சா வாணலியோடு கொண்டுவந்து ஸ்மில்யாவின் முன்னால் வைத்தாள். இத்தனை வருஷமாக அது ஒஸ்தோயாவின் வாணலி. பெர்சா வாணலிக்குப் பக்கத்தில் முள்கரண்டியை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"சாப்பிடு," என்றாள்.

ஸ்மில்யா திரும்பி அலமாரியைப் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது; பெட்டி தெரிந்தது. அவன் சொல்லிவிட்டான். கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள் அதே வரிசையில் வந்துவிட்டன. ஆனால் வாயில் அந்த வெனிலாவின் ருசி அப்படியேதான் இருந்தது.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். தாடை மூட்டு ஒவ்வொரு மெல்லலுக்கும் டக் டக் என்றது. எப்போதும் அப்படித்தான். அந்த அமைதியில் பெர்சாவின் நல்ல காதுக்கும் அது கேட்டிருக்கும்.

"இளைக்க முடியலேன்னு சொல்லிடு," என்றாள் பெர்சா மெதுவாக. "யாரு உன்னைக் குத்தம் சொல்லப் போறாங்க? தடிச்ச உடம்புன்னு விட்டுடுவாங்க."

மருத்துவரும் அதைத்தான் சொன்னாள். சுலபமான வழி. இன்னொரு ஐஸ்.

"வேண்டாம் அண்ணி. அந்தப் பவுடரைக் குடிக்க மாட்டேன்னு சொல்லுவேன். டாக்டர்கிட்டயும் சொல்லுவேன், அவன்கிட்டயும் சொல்லுவேன்." விழுங்கினாள். "இன்னிக்குப் பிடிச்சுக்கிட்டேன். நாளைக்கு விழுந்தாலும் பிடிப்பேன். அதுக்கு மேல என்கிட்ட இல்ல."

"அவர் செத்துட்டா?"

ஸ்மில்யா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். வெளியே எலும்பு வெட்டும் சத்தம் கேட்டது. ஒரு வெட்டு, ஒரு இடைவெளி, இன்னொரு வெட்டு.

"அப்போ நான்தான் கொன்னேன்னு சொல்லுங்க. ஐஸ்னு சொல்லாதீங்க."

பெர்சா நாற்காலியை இழுத்தாள். கேட்கிற காது ஸ்மில்யாவின் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பாதியை ஸ்மில்யாவின் முன்னால் வைத்துவிட்டு, மீதியை வாணலியின் கொழுப்பில் தோய்த்தாள்.