யாருமில்லை என்பதற்கு ஒரு சாட்சி

உதவித்தொகை விண்ணப்பத்தின் ஆறாவது நிபந்தனைதான் அவள் காலை வாரிவிட்டது. பெற்றோர் இல்லாத மாணவிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஆனால் அவளுக்கு யாருமில்லை என்று, மூன்று வருடமாவது அவளைத் தெரிந்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"எனக்கு யாருமே இல்லைங்க," என்றாள் கல்லூரி எழுத்தரிடம்.

"அதைச் சொல்லத்தாம்மா ஒரு ஆள் வேணும்," என்றார் அவர், தலை நிமிராமல்.

நல்ல நியாயம்தான் என்று பொருமிக்கொண்டே வெளியே வந்தாள். விடுதியில் அறைத்தோழி வருடத்துக்கு ஒருத்தி. மாலையில் வேலை பார்க்கும் துணிக்கடையில் அவளை "மூணாவது கவுன்ட்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு யோசித்தும் ஒரு ஆள் தேறவில்லை.

எதற்கும் இருக்கட்டுமென்று விண்ணப்பத்தை நகலெடுக்க, வழக்கமான ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்கார அக்காவிடம் "ரெண்டு காப்பி" என்பதற்கு மேல் அவள் பேசியதே கிடையாது. தாளை வாங்கிய அக்கா, ஆறாவது நிபந்தனையில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். இவளுடைய முழுப்பெயர், அப்பா இறந்த தேதி, அம்மா இறந்த தேதி எல்லாவற்றையும் எதையும் பார்க்காமலே எழுதிக் கையெழுத்திட்டாள்.

"எப்படிக்கா தெரியும்?"

"நாலு வருஷமா உன் சர்டிபிகேட் எல்லாம் என் கையாலதானே காப்பி ஆகுது." அக்கா மெஷினின் மூடியைத் திறந்தாள். "போன செவ்வாய்க்கிழமை உனக்குப் பொறந்தநாளாச்சே. எப்படிப் போச்சு?"

அவள் பையிலிருந்து சில்லறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ரெண்டு காப்பிக்கா," என்றாள்.