ரோஸ் நூல்

ஆற்று மணலில் விழுந்தவர் காலில் மணல் ஏன் இல்லை?

அபிதகுசாம்பாள் ஈரத்துணியைப் பிழிந்து மறுபடியும் கணவரின் உள்ளங்காலைத் துடைத்தாள். துணியில் வெள்ளையாக ஒட்டியது. சுண்ணாம்பு. குதிகால் வெடிப்புகளுக்குள்கூடப் புகுந்திருந்தது. துணியை வாளியில் அலசியபோது தண்ணீர் மெல்லக் கலங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி உட்கார்ந்து அழுத பெண்கள், பாவம், துக்கத்தில் உறைந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

நேற்று பொழுது சாயும் நேரத்தில் சிவப்பிரகாசத்தைக் குதிரை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தவன் அவர் தம்பி மாணிக்கவேல். ஆற்றோரம் காலாற நடந்துகொண்டிருந்தாராம், மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதானாம். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான். ஒரு சொல் மாறவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவன் முன்னே பின்னே மாற்றித்தான் சொல்வான். மனப்பாடம் செய்தவனுக்குத்தான் வார்த்தை மாறாது.

சேத்துப்பட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் பொன்னியம்மாள் காலை பஸ்ஸில் வர வேண்டும். அவள் வந்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரை என்ன கேட்பது?

தினமும் சாயங்காலம் நெசவை முடித்துத் தறிக்குழியிலிருந்து ஏறினால், சிவப்பிரகாசம் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்றால், சும்மா காத்து வாங்க என்பார். போகும்போது தோள் தொங்கிப் போகிற மனிதர், வரும்போது நிமிர்ந்து வருவார். சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். சில நாள் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். காற்றுக்கு அத்தனை ருசி இருக்குமா என்று அவள் யோசித்திருக்கிறாள்.

போன ஆனி மாதம் அவர் விரல் இடுக்கில் ரோஸ் சாயம் பார்த்தாள். அப்போது தறியில் ஓடியது மாம்பழ மஞ்சள் பாவு, பச்சைக் கரை. அவர்கள் வீட்டிலேயே இல்லாத ரோஸ் எங்கிருந்து வந்தது? கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் வரும், பிறகு அந்தப் பொய்யையும் வைத்துக்கொண்டு குடித்தனம் செய்ய வேண்டும். ஆள்காட்டி விரலில் மெல்லிய வெட்டும் இருந்தது. ஜரிகை அறுத்துவிட்டது என்றார். சொரசொரப்பான விரல் பட்டால் பட்டு இழை கிளம்பிவிடும் என்று அவள்தான் தினமும் நெய் தடவிவிட்டாள். தடவும்போதெல்லாம், இந்த விரலை வேறு யார் பிடித்திருப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

விபூதி எடுப்பதாகச் சொல்லிவிட்டுத் தறி அறைக்குள் போனாள். குழிக்குள், மிதிக்கட்டைக்குப் பின்னால், நேற்று அவர் போட்டுக்கொண்டு போன டெரிலின் சட்டை சுருட்டிக் கிடந்தது. எமர்ஜென்சி முடிந்த வருஷத் தீபாவளிக்கு எடுத்தது. அழுக்குச் சட்டையைத் தறிக்குழியில் யார் போடுவார்கள்? குனிந்து எடுத்தாள். கனத்தது. பிரித்தால், காத்தாடி நூல் சுற்றும் லொட்டாய். கட்டை முழுக்க ரோஸ் நூல், கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல். முனை அறுந்து தொங்கியது.

காத்தாடியா? அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்புகூட வரப் பார்த்தது.

மாணிக்கவேலைக் கூப்பிட்டாள். அவன் வாசற்படியிலேயே நின்றான், அவள் கையைப் பார்த்தான்.

"தம்பி, எங்க விழுந்தாரு?"

"அதான் சொன்னேனே அண்ணி, ஆத்தோரம்..."

"ஆத்துல யாரு சுண்ணாம்பு அடிச்சி வெச்சது?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொசப்பாளையத்தில் அப்பளம் போடுகிற ஒரு அம்மா வீட்டு மாடியாம், சுண்ணாம்பு அடித்த தளமாம். அண்ணன் அங்கேதான் காத்தாடி விடுவாராம். ரொம்ப வருஷமாகவாம்.

"அம்பது வயசு ஆளு, பசங்க மாதிரி காத்தாடி வுட்டுகினு செத்தாருன்னா ஊரு சிரிக்கும், அண்ணி. அதான் அப்டி சொன்னேன், அதையும் குழியில ஒளிச்சி வெச்சேன்."

காத்தாடிக்கு மட்டுமா ஊர் சிரிக்கும் என்று அவள் கேட்கவில்லை. அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

லொட்டாயை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மாலையோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் பொட்டு இல்லை, கை நகத்தில் உளுந்து மாவு காய்ந்திருந்தது. மாலையைச் சாத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். அழவில்லை. யாரோ நீட்டிய தண்ணீர்ச் சொம்பை இடது கையால் வாங்கிக் குடித்தாள். எதிர்வீட்டு ராஜம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, சாவு வீட்டிலும் பீச்சாங்கையா என்று முணுமுணுத்தாள். மாணிக்கவேல் எழுந்து வெளியே போனான்.

அபிதகுசாம்பாள் மடிக்குள் குனிந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய தறிக்குத் தார் சுற்றுகிறவள் அவள். ஊடை நூலைக் குச்சியில் யார் சுற்றினார்கள் என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள், மகள் சுற்றினது வேறு, தான் சுற்றினது வேறு. இந்த ரோஸ் நூல் அவர் சுற்றினதில்லை. இழை மாறிச் சாய்ந்திருந்தது, அடியிலிருந்து மேல்வரை. முழுக்க இடதுகைச் சுற்று.

அங்கேயும் அவருக்கு ஒருத்தி நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பெண் மெல்ல நகர்ந்து அவள் அருகில் வந்தாள்.

"அக்கா, என் பேரு சின்னபொண்ணு. அப்பளம் காயவெக்கிற மாடிக்கு வருவாரு. காத்தாடி பறந்தா காக்கா அண்டாதுன்னு முதல்ல நான்தான் வுடச் சொன்னேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளெல்லாம் குழியில குனிஞ்சிகினே கெடக்கறேன், கொஞ்ச நேரம் அண்ணாந்து பாக்கணும்னு சொல்வாரு. வேற ஒண்ணும் இல்லக்கா."

வேறு ஒன்றும் இல்லை என்றுதான் இவள் சொல்லுவாள். இருந்தாலும் சொல்லுவாள், இல்லாவிட்டாலும் சொல்லுவாள். ஆனால் குனிந்தே கிடக்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தை நிஜமாக அவருடையது. அதைத் தன்னிடம் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

"நேத்து பறந்தது இன்னா ஆச்சி?" என்று கேட்டாள்.

"அறுந்துகினு கோட்டைப் பக்கம் போச்சி. அதப் பாத்துகினேதான் உக்காந்தாரு."

வெளியே பொன்னியம்மாளின் அழுகைக் குரல் தெருமுனையில் கேட்டது. பெண்கள் எழுந்தார்கள். சின்னபொண்ணு எழவில்லை. அவள் கண் முந்தானையின் மேட்டில் நின்றது.

"அக்கா, கேக்கக் கூடாது. அந்த லொட்டாய நான் எடுத்துகினு போவட்டுமா? உங்களுக்கு அது எதுக்கு?"

அபிதகுசாம்பாள் லொட்டாயை வெளியே எடுத்தாள். சின்னபொண்ணு இடது கையை நீட்டினாள். தொங்கிய நூல் பாயின் மேல் கிடந்து, அவர் கால் பக்கம்வரை ஓடியிருந்தது. அபிதகுசாம்பாள் அதன் நுனியைத் தேடிப் பிடித்தாள்.

"இல்லம்மா," என்றாள். "இன்னும் கொஞ்சம் நூலு பாக்கி இருக்குது. நான் சுத்திக்கறேன்."

வலது கையால் சுற்றத் தொடங்கினாள்.