வாய் திறக்காத மீன்

நல்லம்மாள் குடத்தைக் கவிழ்த்தாள், அண்டாவைக் கவிழ்த்தாள், அடுப்பில் இருந்த கெட்டில் தண்ணீரைக்கூட வாசலில் கொண்டுபோய்க் கொட்டினாள். பிறகு காலி வாளியோடு நேரே மீன்தொட்டிக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, சாவு விழுந்த வீட்டுல பழைய தண்ணி நிக்கக்கூடாதுலா. இதையும் ஊத்திட்டு, பைப்புத் தண்ணி புடிச்சு வச்சிரலாம்."

அவள் அண்ணன் மாயாண்டி, மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் எழுப்பப் போனபோது இருளாயி எழுந்திருக்கவில்லை. ஒரு முனகல் இல்லை, ஒரு வாய் தண்ணி கேட்கவில்லை, பாவி மகள் அப்படியே போய்விட்டாள். அப்போதிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லை. இப்போதுதான் வாய் திறந்தார்.

"தொட்டியில கைய வைக்காத."

"மீனா இப்ப முக்கியம்? மதினி இப்படிக் கெடக்குறாங்க..."

"பைப்புத் தண்ணி ஊத்துனா செத்துரும். கல்லுக்குப் பக்கத்துல மஞ்சளா நிக்குது பாரு, அது வாய்க்குள்ள குஞ்சு வச்சிருக்கு. பயங்காட்டுனா முழுங்கிரும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இது அவருடைய பேச்சே இல்லை, இருளாயி சொன்னது. அன்றைக்கு அவர் நம்பவில்லை. "வாயில புண்ணுடி அதுக்கு, தூக்கி லோங்காங்குச் சாக்கடையில போடு" என்று கேலி பண்ணினார். அவள் முகம் சுருங்கிப் போனது இப்போது கண்முன்னால் வந்து நின்றது.

கோலா கங்சார் பக்கத்து எஸ்டேட்டை முதலாளிகள் விற்றுவிட்டதால், வேலை போய்ச் சிலிபினுக்கு வந்தவர்கள் அவர்கள் இருவரும். பிள்ளைகுட்டி இல்லை. இருளாயி டவுனில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் வளர்ப்புமீன் கடையில் தொட்டி கழுவப் போனாள். அங்கே ஆப்பிரிக்கா ஏரியிலிருந்து வந்த மீன்கள் குழாய்த் தண்ணீரில் வெளிறிப்போய், துடுப்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. பிழைக்காது, எறிந்துவிடு என்றான் தவுக்கே. அவள் எறியவில்லை. பால்டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்கட்டுக் கிணற்றுத் தண்ணீரில் விட்டாள்.

அந்தத் தண்ணீரைத் திட்டாத ஆள் அந்த வீட்டு வரிசையில் இல்லை. பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. சோப்புப் போட்டால் நுரைக்காது, கெட்டிலுக்குள் வெள்ளைவெள்ளையாகப் பொருக்கு படியும், தேத்தண்ணி வாயில் வைக்க விளங்காது. ஆனால் மீன்களுக்கு என்ன மாயமோ, ஒரு வாரத்தில் நீலமும் மஞ்சளுமாக நிறம் ஏறிவிட்டது. "நமக்குத்தான் ஆகல. இதுங்களுக்கு எவ்வளவு புடிச்சிருக்கு பாருங்க!" என்று இருளாயி கைகொட்டிச் சிரித்தாள். அதன்பிறகு தண்ணீர் இறைப்பது அவர் வேலை, ஊற்றுவது அவள் வேலை.

மஞ்சள் மீன் கொஞ்ச நாளாக இரை எடுக்கவில்லை. தாடை உப்பி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கல் இடுக்கிலேயே நின்றது. இருளாயி அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். நேற்றுச் சாயங்காலமும் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் வெயில் தொட்டிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. பச்சை வெளிச்சம் ஒன்று கூரையில் நெளிந்தது, சுவரில் இறங்கியது, தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த அவள் முகத்தின்மேல் ஆடியது. இமை அசைந்ததுபோல் இருந்தது. மாயாண்டி குனிந்து பார்த்தார். வெளிச்சம்தான். பெண்கள் அழும் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

வண்டி வந்தது. நல்லம்மாள் அவர் தோளைத் தொட்டாள். "நீ போய்ட்டு வாண்ணே. நான் பாத்துக்கிறேன்."

அந்தப் 'பாத்துக்கிறேன்'தான் அவரை வாசலில் இரண்டு தரம் திரும்பிப் பார்க்க வைத்தது. ஒரு பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் விடுகிற பிறவி இல்லை அவள். ஆண்கள் சுடுகாட்டுக்குக் கிளம்பியதும் வீட்டைக் கழுவத் தொடங்கிவிடுவாள்.

சுடுகாட்டில் தாடைக்கட்டை அவிழ்த்து, வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். அரிசி அவர் விரலிடுக்கில் நழுவி அவள் உதட்டில் விழுந்தது. அந்த நேரத்திலும் மனசு தொட்டியையே சுற்றியது. சீ, நானெல்லாம் ஒரு மனுசனா என்று தன்னையே நொந்துகொண்டார். அந்தக் குஞ்சுகளாவது இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றுதான் நெருப்பு வைக்கும்போதும் நினைத்தார்.

திரும்பி வந்து, கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரவேட்டியோடு உள்ளே நுழைந்தார். வீடெல்லாம் கழுவி விட்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் பளிங்காக நின்றது.

"ஊத்திட்டியா?"

"ஊத்துனேன். தீட்டுத் தண்ணிய எப்படிண்ணே விடுறது?" நல்லம்மாள் உள்ளங்கைகளைச் சேலையில் ஒற்றிக்கொண்டாள். கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. "ஆனா பைப்பத் தொடல. எல்லாம் கெணத்துத் தண்ணி. சொம்பு சொம்பா எடுத்துட்டு, சொம்பு சொம்பா ஊத்துனேன். என்னா சுசா, என்னா கஷ்டம் தெரியுமா! இடுப்பே ஒடிஞ்சு போச்சு."

அவர் மஞ்சள் மீனைத் தேடினார். கல்லுக்கு வெளியே நின்றது. தாடை தட்டையாக இருந்தது. போச்சு, முழுங்கிவிட்டது.

அப்போது மணலுக்குச் சற்று மேலே என்னவோ சிதறி மினுங்கியது. கண்ணும் வாலுமாக, அத்தனை சின்னது. ஒன்று, இன்னொன்று, பக்கத்தில் ஒரு கூட்டம்.

"என்னாண்ணே அது?" என்று நல்லம்மாள் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். மஞ்சள் மீன் சட்டென்று தலையைத் தாழ்த்தி வாயைப் பிளந்தது. அத்தனையும் அடித்துப்பிடித்து உள்ளே பாய்ந்தன. வாய் மூடிக்கொண்டது.

"ஐயய்யோ! பெத்ததே முழுங்கிருச்சே!"

"முழுங்கல. நம்மளப் பாத்துப் பயந்து உள்ள போயிருச்சுங்க. தள்ளி வா. நம்ம தள்ளுனாத்தான் தொறக்கும்."

"யாரு சொன்னா?"

"ஒன் மதினிதான்."

இருவரும் பின்பக்கமாகவே நகர்ந்து சுவரோரம் நின்றார்கள். ஈரவேட்டியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அந்தச் சத்தம் மாயாண்டிக்குப் பெரிதாகக் கேட்டது. வேட்டியின் கரையை இரண்டு கையாலும் மெல்ல அள்ளிப் பிடித்துக்கொண்டார்.