ஃபைல் இல்லையென்றால் உருவாக்கும்

எங்கள் ஊர் எல்டோரெட்டில் மின்சாரம் போனால் அலுவலகத்தில் யாரும் தலைகூட நிமிர மாட்டார்கள்; அவ்வளவு பழக்கம். அதனால்தான் எங்கள் கணினிப் பையன் பராசா, அன்றன்று தட்டியதை ஃபைலில் சேர்க்கும் தன் புது நிரலை, கரண்ட் வந்ததும் தானாகவே ஓடும்படி எழுதினான். கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாக முடிந்தது.

எல்கான் மலைக்காட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வாக்குமூலங்களை நில விசாரணைக்காகத் தட்டச்சு செய்வது என் வேலை. யார் வீடு எங்கே இருந்தது, யாரை எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்று முழுதாகத் தெரிந்தவர் ந்டிவா பெரியவர் ஒருவர்தான். இருமி இருமிச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மறுவாரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்று கரண்ட் போய், வந்தது. அன்று நான் எதுவும் தட்டியிருக்கவில்லை; ஆனாலும் நிரல் தானாக ஓடியது. மறுநாள் வாக்குமூல ஃபைலைத் திறந்தேன். காலி! தினமும் நகல் எடுக்கும் நிரலும், நல்ல பிள்ளையாக, அந்தக் காலி ஃபைலையே பழைய நகலின் மேல் போட்டுவைத்திருந்தது.

"அடப்பாவி, என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று கத்தினேன்.

பராசா, தன் நிரலில் பயன்படுத்தியிருந்த, வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்த, ஃபைலில் எழுதும் கட்டளையின் விளக்கத்தைத் திறந்து காட்டினான். "பாரு செமுதாய். 'கொடுத்ததை ஃபைலில் எழுதும். ஃபைல் இல்லையென்றால் உருவாக்கும்.' அவ்வளவுதான். ஏற்கெனவே இருந்தா அழிச்சிடும்னு எங்கயாவது இருக்கா? கடைசியில சேர்க்கும்னு நெனச்சேன். சோதிச்சப்போ ஒவ்வொரு தடவையும் புது ஃபைல்லதான் சோதிச்சேன்."

அந்தக் கட்டளையை உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேட்டோம். "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று பதில் வந்தது. எல்லோருக்கும் தெரியுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசாரணையில் சாட்சியம் இல்லை என்றார்கள். நிலம் கைவிட்டுப் போனது. ந்டிவாவின் மகள் செரோப் எங்களைத் திட்டக்கூட இல்லை.

பிறகு ஒருநாள் அந்த விளக்கத்தில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது: 'ஃபைல் ஏற்கெனவே இருந்தால் உள்ளிருப்பது அழிந்துவிடும்.' செரோப்புக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"இத எழுத எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"அரை நிமிஷம் ஆகும்."

"எங்கப்பா பேச முடியாமப் பேசினாரேக்கா," என்றாள். நான் கணினியை மூடினேன்.